வார்டில் எத்தனை பேர்? அமெரிக்க மனநல மருத்துவமனைகளும் பணியாளர் விதிகளும்

மனநல மருத்துவமனையின் ஒரு வார்டில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், நோயாளியைக் கட்டிவைக்க யார் உத்தரவிடலாம், எத்தனை மணி நேரம் கட்டலாம், வேலை கேட்டு வருபவரின் பின்னணியை யார் விசாரிப்பது என்பவற்றை வரையறுக்கும் விதிகள் அமெரிக்காவில் ஒரே சட்டத்தில் இல்லை. சிலவற்றை மாநிலச் சட்டமன்றங்கள் எழுதின. சிலவற்றை நீதிபதிகள் தீர்ப்பாக எழுதினார்கள். வேறு சில, மெடிகேர் காப்பீட்டுப் பணத்தோடு கூட்டாட்சி அரசு விதித்த நிபந்தனைகள். ஒரு கொடுமை வெளியே தெரிந்த பிறகே பெரும்பாலான விதிகள் பிறந்தன என்பதால், இவற்றின் வரலாற்றைச் சம்பவம் சம்பவமாகத்தான் சொல்ல முடியும்.

நியூ ஜெர்சியில் அது 1845-இல் தொடங்குகிறது. ஆசிரியையாக இருந்த டொரோதியா டிக்ஸ் அம்மாநிலத்தின் சிறைகளையும் ஏழையர் விடுதிகளையும் நேரில் போய்ப் பார்த்து, அங்கே அடைபட்டுக் கிடந்த மனநோயாளிகளின் நிலையை விவரித்துச் சட்டமன்றத்துக்கு நீண்ட மனு எழுதினார். 1848-இல் டிரென்டன் நகரில் மாநில மனநலக் காப்பகம் திறந்தது. டிக்ஸ் தம் கடைசி ஆண்டுகளை அங்கேயே ஓர் அறையில் கழித்து, 1887-இல் அங்கேயே இறந்தார்.

அந்தக் காலக் காப்பகக் கண்காணிப்பாளர்களின் சங்கம் (இன்றைய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் முன்னோடி) 1851-இல் கட்டடத்துக்கு நெறிகள் வகுத்தது. ஒரு காப்பகத்தில் 250 பேருக்கு மேல் வேண்டாம் என்றது. 1853-இல் நிர்வாகத்துக்கும் நெறி வந்தது: பத்து நோயாளிகளுக்குச் சராசரியாக ஒரு பணியாளராவது வேண்டும். இவை அறிவுரைகள்தாம், சட்டமில்லை. 1866-இல் அதே சங்கம் 250 என்பதை 600 ஆக உயர்த்திக்கொண்டது. நியூ ஜெர்சியின் மோரிஸ் கவுண்டியில் 1876-இல் திறந்த கிரேஸ்டோன் பார்க் மருத்துவமனை இந்தப் புதுக் கணக்கில் கட்டப்பட்டது. 1953-இல் அங்கே 7,674 பேர் இருந்தார்கள். கட்டில்கள் நடைகூடங்களுக்கு வந்துவிட்டன. நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி 1956 முதல் 1961 வரை இருந்ததும் இங்கேதான்.

கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் சிகிச்சை என்ன ஆகும் என்பதற்கு டிரென்டனே சாட்சி. 1907-இல் அதன் கண்காணிப்பாளராக வந்த ஹென்றி காட்டன், விலங்குகளையும் கட்டுகளையும் அகற்றிய சீர்திருத்தவாதி. ஆனால் மனநோய்க்குக் காரணம் உடலில் ஒளிந்திருக்கும் கிருமித்தொற்று என்று உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டான்சிலை எடுத்தார், அடுத்துப் பெருங்குடலுக்குப் போனார். குடல் அறுவைக்கு ஆளானவர்களில் சுமார் 30 சதவீதத்தினர் இறந்ததாக அவரே கணக்குக் கொடுத்தார். நோயாளியின் சம்மதமோ வெளியாரின் மேற்பார்வையோ தேவைப்படவில்லை. பால்டிமோரிலிருந்து வந்து கோப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஃபிலிஸ் கிரீனேக்கர், குணமானதாகச் சொல்லப்பட்ட கணக்குகள் பொய் என்று கண்டார். அவருடைய அறிக்கையை அவரை அனுப்பியவர்களே வெளியிடவில்லை. காட்டன் 1930 வரை பதவியில் இருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் சுமார் 3,000 பேர், மாற்றுச் சேவையாக மனநல மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வார்டுகளில் கண்டதை அவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவுகளோடும் படங்களோடும் 1946 மே மாதம் லைஃப் இதழில் வந்த கட்டுரை நாட்டை உலுக்கியது. அப்போதும் ஒரு வார்டுக்கு இத்தனை பேர் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை.

அதைச் செய்தது ஒரு கூட்டாட்சி நீதிபதி, அதுவும் தெற்கே அலபாமாவில். 1970-இல் அந்த மாநிலத்தின் சிகரெட் வரி வருமானம் குறைந்தது. டஸ்கலூசாவின் பிரைஸ் மருத்துவமனையில் சுமார் நூறு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஏறத்தாழ 5,000 நோயாளிகள் இருந்தார்கள். சிகிச்சையில் நேரடியாக ஈடுபட்டவர்களில் ஓரளவேனும் மனநலப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் மூன்றே பேர். வேலை இழந்தவர்களோடு, அங்கே அடைபட்டிருந்த 15 வயதுப் பையன் ஒருவன் பெயரும் மனுவில் சேர, வழக்கு ‘வையாட் எதிர் ஸ்டிக்னி’ ஆனது. ஒருவரைச் சிகிச்சைக்கென்று பிடித்து வைத்துவிட்டுச் சிகிச்சை தராமல் இருப்பது அரசமைப்புச் சட்டத்தை மீறுவதாகும் என்றார் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன். 1972-இல் அவர் எண்ணிக்கையாகவே எழுதிக்கொடுத்தார்: 250 நோயாளிகளுக்கு 2 மனநல மருத்துவர், 4 பொது மருத்துவர், 12 பதிவுபெற்ற செவிலியர், 92 வார்டு உதவியாளர். குளியலறை, கழிப்பறை, அறையின் சூடு வரைக்கும் அந்தப் பட்டியல் நீண்டது. 2003 வரை அந்த வழக்கு நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் வேறு இல்லை.

நியூ ஜெர்சியில் ஆன்கோரா மருத்துவமனை நோயாளி ஒருவர் தொடுத்த ‘ரென்னி எதிர் கிளைன்’ வழக்கு, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவருக்கும் மருந்தை மறுக்கும் உரிமை உண்டு என்பதை 1970-களின் இறுதியில் நிலைநாட்டியது. ஆனால் வார்டில் நிற்பவர் யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு விடை தேடி 1987-இல் மாநில செனட்டர் ரிச்சர்ட் கோடி ஒரு காரியம் செய்தார். குற்றவாளிகள் விசாரணையின்றி வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தண்டனை பெற்று இறந்துபோன ஒருவரின் பெயரையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எழுதி மார்ல்பரோ மனநல மருத்துவமனைக்கு விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. நைட் டியூட்டி வார்டு உதவியாளராக உள்ளே போனவர், நோயாளிகள் ஏசப்படுவதையும் துன்புறுத்தப்படுவதையும் கண்ணால் பார்த்தார். எந்த அலுவலகமும் அந்த எண்ணைச் சரிபார்த்திருக்கவில்லை. இதையடுத்து ஊழியர்களின் குற்றப் பின்னணியைச் சோதிப்பது மாநிலத்தில் சட்டமானது. மார்ல்பரோ 1998-இல் மூடப்பட்டது. கோடி பிற்பாடு ஆளுநராகவும் இருந்தார். ஒரு மக்கள் பிரதிநிதி தம் பதவியைக் கழற்றி வைத்துவிட்டு வார்டுத் தரையில் நின்று பார்த்தது இன்றும் மதிக்கத்தக்க செயல்.

டெக்சாஸ் தன் முதல் மனநல மருத்துவமனையை 1861-இல் ஆஸ்டினில் திறந்தது. அலபாமாவைப் போன்ற வழக்கு இங்கே 1974-இல் டெரல் மருத்துவமனையை முன்வைத்து எழுந்து, 1981-இல் மாநில மருத்துவமனைகள் அனைத்துக்குமான உடன்படிக்கையாக முடிந்தது. நீதிமன்றம் வைத்த அளவு, பகலிலும் மாலையிலும் ஐந்து நோயாளிக்கு ஒரு பணியாளர், இரவில் பத்துப் பேருக்கு ஒருவர். இதை எட்ட மாநிலம் இரண்டு வழியில் போகலாம்: ஆளைக் கூட்டலாம், நோயாளியைக் குறைக்கலாம். டெக்சாஸ் இரண்டாவதைத் தேர்ந்தது. மருத்துவமனையில் குறையும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு 35.50 டாலர் என்று உள்ளூர் மனநல மையங்களுக்குக் கொடுத்தது. வார்டில் விகிதம் சரியானது. வெளியே போனவர்களைக் கவனிக்கும் பொறுப்பு, அவ்வளவு பணம் இல்லாத ஊர்களின் தலையில் விழுந்தது.

தனியார் மருத்துவமனைகளில் சிக்கல் நேர் எதிராக இருந்தது. அங்கே காப்பீடு உள்ள நோயாளியைப் பிடித்து வரவும் ஆள் வைத்தார்கள். 1991-இல் சான் அந்தோனியோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைச் சீருடை அணிந்த தனியார் காவலர்கள் வீட்டிலிருந்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செனட்டர் மைக் மன்கிரீஃப் தலைமையில் நடந்த விசாரணைகளில், நோயாளியை அனுப்பியவருக்குக் கமிஷன், காப்பீடு தீரும் நாளில் டிஸ்சார்ஜ் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. அனுப்புபவருக்குப் பணம் தருவதை 1993-இல் டெக்சாஸ் தடை செய்தது. நேஷனல் மெடிக்கல் எண்டர்பிரைசஸ் நிறுவனம் 1994-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 379 மில்லியன் டாலர் கட்டியது.

கட்டிவைத்தல் பற்றிய கூட்டாட்சி விதிக்கு ஒரு நாளிதழ் காரணம். கட்டிவைக்கப்பட்ட நிலையிலோ தனியறையில் அடைக்கப்பட்டோ பத்தாண்டுகளில் இறந்த 142 பேரை ஹார்ட்ஃபர்ட் கூரன்ட் 1998-இல் கணக்கெடுத்து வெளியிட்டது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு மாட்டிக்கொண்ட 28 பேரை நினைக்கும் தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1999-இல் மெடிகேர் விதிகள் மாறின. கட்டிய ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியை நேரில் பரிசோதிக்க வேண்டும். ஓர் உத்தரவு பெரியவருக்கு 4 மணி நேரமே செல்லும், 9 முதல் 17 வயதுவரை 2 மணி, அதற்குக் கீழே 1 மணி. பணியாளர் பற்றி மட்டும் அந்த விதிகள் ‘போதுமான எண்ணிக்கை’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் சான்டா கிளாராவின் ஆரக்கிள் வளாகத்துக்குள் ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. அது ஆக்னியூஸ் மனநல மருத்துவமனையின் மிச்சம். 1906 பூகம்பத்தில் அதன் செங்கல் கட்டடம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளும் ஊழியர்களும் இறந்தார்கள். கலிபோர்னியா 1967-இல் இயற்றிய லான்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டம், ஒருவரை விருப்பமின்றி முதலில் 72 மணி நேரமே வைத்திருக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 1999-இல் செவிலியர் விகிதத்தைச் சட்டமாக்கிய முதல் மாநிலமும் இதுவே. 2004 முதல் பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆறு பேருக்கு ஒரு செவிலியர் கட்டாயம். தனித்து இயங்கும் மனநல மருத்துவமனைகளுக்கு இதற்கிணையான எண் நெடுங்காலம் எழுதப்படவேயில்லை.

கலிபோர்னியாவின் நேப்பா மாநில மருத்துவமனையில் 2010 அக்டோபரில் பெண் ஊழியர் ஒருவர் நோயாளியால் கொல்லப்பட்டார். அவர் அணிந்திருந்த அபாய மணி கட்டடத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். தாக்கப்பட்டது வெளியே, திறந்த வெளியில். ஊழியர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு வளாகம் முழுவதும் எட்டும் மணி வந்தது. மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2017-இல் நடைமுறைக்கு வந்தன.

டெக்சாஸில் பற்றாக்குறை பின்னர் வேறு இடத்தில் தெரிந்தது. கொரோனாவுக்குப் பின் ஊழியர்கள் விலகியதால் 2022-இல் மாநில மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான கட்டில்கள் காலியாகவே மூடப்பட்டிருந்தன. விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று நீதிமன்றம் சொன்ன 2,000-க்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டில்களுக்காக கவுண்டிச் சிறைகளில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.