முட்டைக் கணக்கும் சடலக் கணக்கும்: மாமல்லபுரக் கரையில் பங்குனி ஆமைப் பாதுகாப்பு

2025 ஜனவரியில் சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டக் கரையிலும் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. மணல் நெடுகக் கிடந்தவற்றில் பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து உப்பியிருந்தது. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் மூச்சுமுட்டிச் செத்ததற்கான அடையாளங்களைக் கண்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் ஒடிசாவின் ருஷிகுல்யா முகத்துவாரத்தில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் கரையேறி முட்டையிட்டன. அந்த இடத்தில் அதுவரை பதிவானதில் அதுவே அதிகம். முந்தைய பருவத்தில்தான் தமிழ்நாட்டின் குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயிருந்தன.

இந்த மூன்று செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆமைப் பாதுகாப்பு வென்றதா தோற்றதா என்று குழப்பம் வரும். பங்குனி ஆமை உலக அளவில் ‘அழிய வாய்ப்புள்ள இனம்’ என்ற பட்டியலில் இருக்கிறது. கடலாமைகளில் எண்ணிக்கை அதிகமுள்ளதும் அதுதான். ஆகவே இனம் நாளைக்கே அற்றுப்போய்விடும் என்று அலறத் தேவையில்லை. ஆனால் இந்தக் கரையில் 50 ஆண்டுகளாக நடந்த வேலையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 1970-களில் ஆபத்து மணலில் இருந்தது. பாதுகாப்பும் மணலில் தொடங்கியது. ஆபத்து பிறகு கடலுக்குள் நகர்ந்தது. பாதுகாப்பு பெரும்பாலும் மணலிலேயே நின்றுவிட்டது.

தொடக்கத்தைச் சேலையூரில் தேடலாம். ரோமுலஸ் விட்டேக்கர் அங்கே ஆரம்பித்த பாம்புப் பண்ணை 1972-ல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து சென்னைப் பாம்புப் பூங்கா ஆனது. பாம்பு பிடிக்கவும் படிக்கவும் அங்கே கூடிய இளைஞர்கள், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சென்னைக்குத் தெற்கே இரவில் கடலோரம் நடக்கத் தொடங்கினார்கள். ஆமைத் தடம் தென்பட்ட இடத்தில் பெரும்பாலும் கூடு காலியாக இருந்தது. முட்டைகளை ஆட்கள் விற்கத் தோண்டியிருப்பார்கள், அல்லது நாயும் நரியும் தின்றிருக்கும். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்துவிட்டது என்றாலும் கடலாமைகள் அதன் முதல் அட்டவணைக்குள் ஏறியது 1977-ல்தான். சட்டத்துக்காகக் காத்திராமல், 1974-ல் பாம்புப் பூங்காக் குழு முட்டைகளை எடுத்துவந்து வேலியிட்ட இடத்தில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. வள்ளியப்பனும் விட்டேக்கரும் சோழமண்டலக் கரையின் பங்குனி ஆமைகள் பற்றி 1975-ல் ஒரு சிறு குறிப்பை ஊர்வன ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஒடிசாவின் கஹிர்மாதாவில் லட்சக்கணக்கில் ஆமைகள் ஒன்றாகக் கரையேறுவது அறிவியல் உலகின் கண்ணில் பட்டதும் அதே 1970-களின் நடுவில்தான். அந்தப் பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டால், தனித்தனியாக வந்து முட்டையிடும் மாமல்லபுரக் கரையின் ஆமைகள் சொற்பம். ஆனால் பெருநகரத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய ஆமைகள் இவைதான். அதனால் இந்தியாவில் கடலாமை ஆய்வுக்கு ஆட்களைப் பழக்கிய பள்ளிக்கூடமாக இந்தக் கரை அமைந்தது.

அந்த வேலை இன்றும் ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. ஈர மணலிலிருந்து மேலேறும் தடம், சிறு டிராக்டர் ஒன்று போய்வந்தது மாதிரி இருக்கும். அது எங்கே குழம்பி நிற்கிறதோ அங்கே கூட்டைத் தேட வேண்டும். மெல்லிய கம்பை மணலில் செருகிச் செருகிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் தடுக்கிற கம்பு, கூட்டின் வாயில் மட்டும் சட்டென்று உள்ளே போகும். பிறகு வெறுங்கையால்தான் தோண்ட வேண்டும். குறுகிய கழுத்தும் அகன்ற வயிறுமாக, முழங்கையைத் தாண்டிய ஆழத்தில் இருக்கும் குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள் கிடக்கும். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, முட்டைகளைக் கொஞ்சம் ஈர மணலோடு துணிப்பையில் எடுத்துவந்து, பொரிப்பகத்தில் அதே அளவில் வெட்டிய குழிக்குள் வைப்பார்கள். விடியும்வரை தள்ளிப்போட முடியாது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் மணலைக் கிளறி வெளியே வரும்.

அந்த முதல் நடையர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர், பாம்புப் பூங்காவின் களப்பணியாளராக மாறினார். சென்னைக் கரையில் கற்ற தடம் பார்க்கும் வித்தையை லட்சத்தீவுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் கொண்டுபோனார். 1982-ல் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் இறங்கி, படகு எதுவும் வரமுடியாத மாதங்கள் முழுவதும் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். பேராமை அங்கே முட்டையிடுவது மழைக்காலத்தில் என்பதால் வேறு வழியில்லை. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கைக் கரையில் மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் அதை அஞ்சலில் சேர்த்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய கணக்கெடுப்புகளைத்தான் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இந்தியத் தீவுகளில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கு அடிப்படைத் தரவே அவைதான். 2023-ல் அவர் காலமானார்.

1970-களின் பிற்பகுதியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் இருந்த தன் கள ஆய்வகத்தின் மூலம் பொரிப்பகப் பணியில் இறங்கியது. சென்னைக் கரையில் பங்குனி ஆமையை மீட்கும் திட்டம் பற்றி இ.ஜி. சைலாஸும் எம். ராஜகோபாலனும் எழுதியது, 1984-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட 35-ஆம் சிறப்பிதழில் இருக்கிறது. 1982-லிருந்து சில ஆண்டுகள் வனத்துறை பொரிப்பகங்களை நடத்தியது. அது தளர்ந்தபோது, 1988-ல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்த அந்தக் குழுவில் இருந்த கார்த்திக் சங்கர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஆனார். அவரும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்தியக் கிழக்குக் கரையின் பங்குனி ஆமைகள் மற்றக் கடல்களின் ஆமைகளிலிருந்து தனித்தவை என்றும், இந்தியப் பெருங்கடலின் வழித்தோன்றல்களே உலகின் பிற பகுதிகளுக்குப் பரவியிருக்கலாம் என்றும் காட்டியது.

மாணவர்கள் நடக்கத் தொடங்கியதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. பெருந்தலை ஆமையின் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து டெபோரா க்ரௌஸ், லாரி க்ரௌடர், ஹால் காஸ்வெல் மூவரும் கணக்குப் போட்டார்கள். முட்டைகள் அத்தனையும் பிழைத்துக்கொண்டாலும் அந்த இனம் குறைந்துகொண்டே போகும் என்று விடை வந்தது. வளர்ந்த, வளரும் ஆமைகள் வலையில் சாவதைக் குறைத்தால்தான் எண்ணிக்கை மீளும். காரணம் எளிது. பருவம் எய்தப் பல ஆண்டுகள் ஆகும் விலங்கில், ஆயிரம் குஞ்சுக்கு ஒன்றிரண்டு தேறினாலே பெரிது. அப்படித் தேறி முட்டையிட வந்த தாய் ஒன்று செத்தால், அதை ஈடுகட்ட எத்தனை கூடுகளைப் பொரிக்க வைப்பது?

கரைக்குச் சற்றுத் தள்ளி அப்போது நடந்துகொண்டிருந்ததோ வேறு. விசைப்படகுகளின் இழுவலை இறாலைத் தேடிக் கடலடியை வாரும். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் சிக்கி மணிக்கணக்கில் இழுபட்டால் மூழ்கிச் செத்துவிடும். வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் எஃகுக் கம்பிச் சட்டம் இதற்கு ஒரு தீர்வு. இறால் கம்பிகளுக்கு இடையே மடிக்குள் போகும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். இந்தியாவுக்கு ஏற்ற வடிவம் ஒன்றைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. ஆனால் இந்தக் கருவி இங்கே வந்தது ஒரு வணிகச் சண்டையின் வழியாக. ஆமைக்குப் பாதுகாப்பில்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்றது அமெரிக்கா. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுக் கட்டாயம் என்ற முத்திரை விழுந்த கருவியைப் படகுக்காரர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆமையோடு மீனும் இறாலும் வெளியே போய்விடும் என்ற அவர்களது கவலையும் பொய்யில்லை. ஒவ்வொரு வலைவீச்சிலும் டீசல் செலவை எடுக்க வேண்டியவர்களிடம் அந்த இழப்பு எவ்வளவு என்று அவர்கள் படகிலேயே அளந்துகாட்டாமல் ‘மாட்டிக்கொள்’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. 2019-ல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா மறுபடியும் கதவை அடைத்தது.

கரையில் மாறியவையும் உண்டு. 2002-ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், குப்பங்களின் மீனவ இளைஞர்களையே ஊதியம் கொடுத்து ஆமைக் காவலர்களாக்கியது. இது சாதாரண மாற்றமில்லை. அதுவரை நகரத்து மாணவர்கள் வந்துபோன வேலை, வலை வீசும் குடும்பங்களின் வேலையானது. வலையில் உயிரோடு சிக்கிய ஆமையை அறுத்து விடுவிப்பவரும் செத்து ஒதுங்கியதை எண்ணுபவரும் அதே ஊர்க்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு கடலை ஒட்டிச் சவுக்கு நடுவதும் கற்களைக் கொட்டுவதும் பெருகின. வடதமிழகக் கரையில் சவுக்குத் தோப்புகள் முட்டையிடுவதை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்த அறிக்கை ஒன்றை 2009-ல் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் பெங்களூருவின் ஏட்ரீ நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டன. அலை தொடும் இடம்வரை மரம் நின்றால் ஆமை ஏற இடமில்லை. பொரிப்பகத்துக்கும் வெப்பம் ஒரு சிக்கல்: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது; சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். மார்ச் வெயிலில் பொரிப்பகத்துக்கு மேல் கீற்றோ வலையோ கட்டுவது இதனால்தான்.

சடலத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா ஒரு முன்மாதிரி. செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்தின் பெலூகா திமிங்கலங்களை வேட்டையாடுவது 1979-ல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி மீளவில்லை. 1980-களின் தொடக்கத்திலிருந்து கரையொதுங்கிய பெலூகாக்களை ஆண்டுதோறும் விடாமல் அறுத்துப் பார்த்தார்கள். உடலில் தொழிற்சாலை நச்சுகள், வியக்கவைக்கும் அளவில் புற்றுநோய். அந்தக் கண்டுபிடிப்புகள் ஆற்றுத் தூய்மைப் பணிக்கும் 1998-ல் அமைந்த கடல் பூங்காவுக்கும் வலு சேர்த்தன. மாமல்லபுரக் கரையிலும் செத்த ஆமைகளைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஆமையை இருமுறை எண்ணாமலிருக்க ஓட்டில் வண்ணம் பூசிவிட்டுப் புதைப்பதும் உண்டு. குறை பதிவில் இல்லை. அந்தப் பதிவு செய்தியாவது சாவு ஆயிரத்தைத் தொடும் ஆண்டில் மட்டும். குஞ்சு விடும் விழாவோ ஆண்டுதோறும் நடக்கிறது.

விதிகளில் ஓட்டை இருப்பதும் இந்தச் சடலக் கணக்கில்தான் தெரியவரும். தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் இழுக்க வேண்டும். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. மீன்களின் இனப்பெருக்கத்தை மனதில் வைத்து வகுத்த காலம் அது. பங்குனி ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் கரையோரம் கூடுவதோ டிசம்பர் முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது பெரும்பாலானவை கிளம்பிவிட்டிருக்கும்.

எந்தப் படகின் வலை கொன்றது என்பதை மணலில் கிடக்கும் ஆமை சொல்லாது. ஆனால் எங்கே செத்தது என்பதை ஓரளவு கணக்கிடலாம். வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடும். பிப்ரவரி வாக்கில் திரும்பி வடக்கே ஓடத் தொடங்கும். ஆகவே ஜனவரியில் கோவளத்திலோ நெம்மேலியிலோ ஒதுங்கிய ஆமை, அந்த ஊர்க் கடலிலேயே செத்திருக்க வேண்டியதில்லை. வடக்கே, காசிமேட்டுப் படகுகள் இழுக்கும் நீரிலிருந்து மிதந்து வந்திருக்கலாம். மார்ச்சில் ஒதுங்குவது தெற்கிலிருந்து வந்திருக்கலாம். சடலம் எத்தனை நாள் அழுகியது, அந்த நாள்களில் காற்றும் நீரோட்டமும் எப்படி இருந்தன, விசைப்படகுகளின் நகர்வுப் பதிவு எங்கே காட்டுகிறது என்று மூன்றையும் சேர்த்தால் ஆமை செத்த இடத்தை வரைபடத்தில் குறுக்கிவிடலாம். வேறு நாடுகளில் இந்த முறை பழக்கத்தில் உள்ளது. 2025 சாவுகளுக்குப் பிறகு அரசு ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது; ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அவை கடலில் கூடும் இடங்களை அறியும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அந்த இடங்களின் மேல் சடலங்கள் புறப்பட்ட இடங்களை வைத்துப் பார்த்தால், எந்த மாதத்தில் எந்தக் கடற்பரப்பை மட்டும் இழுவலைக்கு மூடினால் போதும் என்று படகுச் சங்கங்களோடு பேசுவதற்கு ஒரு வரைபடம் கையில் இருக்கும். மொத்தக் கடலையும் மூடு என்பதைவிட, இந்த ஆறு வாரம் இந்த இடத்தை விட்டுக்கொடு என்று கேட்பதற்குச் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.