அலமாரியின் சாவி

எனக்கு அப்போது பதினைந்து வயது. ஊர் வாசகசாலையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு புஸ்தகத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டேன். சாவி வைத்திருந்தவர், "எடுத்தால் அடுக்குக் கலைந்துவிடும், தம்பி" என்றார். கண்ணாடி வழியாக அதன் முதுகை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று இது தகவல் யுகம் என்கிறார்கள். எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டதாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டு நினைவுக்கு வருகிறது. கூடவே, பூட்டுகளைத் திறக்கப் பாடுபட்ட சீர்காழிக்காரர் ஒருவரும் வருகிறார்.

1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் மாநிலக் கல்லூரியை விட்டுச் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். பையன்களோடு பேசிப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டமற்ற புஸ்தகக் குவியலின் நடுவே உட்காருவது தண்டனையாக இருந்தது. சில நாட்களிலேயே கல்லூரி முதல்வரிடம் போய், பழைய வேலையைத் தரும்படி மன்றாடினார். லண்டனில் படித்துவிட்டு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அவர் சமாதானம் சொல்லி அனுப்பினார். அந்த முதல்வர் மட்டும் இளகிய மனசுக்காரராக இருந்திருந்தால், நமக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் மிஞ்சியிருப்பார், அவ்வளவுதான்.

லண்டனில் சாதாரண ஜனங்களும் நூலகத்துக்குள் நுழைந்து புஸ்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். விஷயங்களை முன்கூட்டியே எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை ஒதுக்கி வைக்கும் முறைதான் அங்கே வழக்கில் இருந்தது. தஞ்சாவூர் நெற்பயிரின் நோயைப் பற்றி ஒருவர் எழுதினால், அதை எந்த அறையில் போடுவது? நெல்லிலா, நோயிலா, தஞ்சாவூரிலா? இந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. ஒரு நாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட தகடுகளும் திருகாணிகளும்தான். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு தடவையும் புதிய பொம்மை. விஷயங்களுக்கும் அப்படித் துண்டுகள் செய்துவைத்துத் தேவைப்படி இணைத்தால் என்ன? இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். 1933-ல் வெளிவந்த 'கோலன்' பகுப்பு முறையின் பிறப்பு இதுதான்.

அதன் குறியீடுகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. நம் நாட்டிலேயே பல நூலகங்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் இன்று புடவை வாங்க நினைக்கும் பெண் கைபேசியில் நிறம், விலை, நெசவு என்று தனித்தனியே தொட்டுத் தேடுகிறாளே, அதன் பின்னால் இருப்பது அந்தத் தகட்டு யுக்திதான்.

1925-ல் திரும்பியவர், முதல்வரிடம் போகவில்லை. நூலக நேரத்தைக் கூட்டினார். வாசகர்களை அலமாரி வரை விட்டார். புஸ்தகம் காவலுக்கல்ல, உபயோகத்துக்கு என்று தொடங்கும் ஐந்து விதிகளை 1931-ல் நூலாக்கினார். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போயிற்று. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. எழுபது வயதில், 1962-ல், பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். விஞ்ஞானி கேட்கும் ஒரே ஒரு கட்டுரையை ஆயிரக்கணக்கான சஞ்சிகைகளிலிருந்து எடுத்துத் தருவது எப்படி என்பது அங்கே பாடம், ஆராய்ச்சியும் அதுவே. தேடுகிறவனின் தவிப்பை வாத்தியார் ஒருவர்தான் இப்படி உணர்ந்திருக்க முடியும் என்பது என் கட்சி.

என் கண்ணாடி அலமாரிப் புஸ்தகம் என்னவாயிற்று என்கிறீர்களா? பல வருஷங்களுக்குப் பிறகு சென்னை நடைபாதைக் கடையொன்றில் அது அகப்பட்டது. முதல் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையின் முத்திரை. உள்ளே பாதித் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே, ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.