மூன்று கிற்றார்களும் ஒரு வீணையும்

1979ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் மூன்று பேர் மூன்று கிற்றார்களோடு வந்து உட்கார்ந்தார்கள். தாள வாத்தியம் இல்லை, பேஸ் இல்லை, பாடகர் இல்லை. யோர்க்‌ஷயரின் டொன்காஸ்ரர் நகரில் 1942இல் பிறந்த ஜோன் மெக்லோக்லின், அமெரிக்க ஜாஸ்-ரொக் முன்னோடிகளில் ஒருவரான லாரி கொரியெல், ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ மேதை பாகோ தெ லூசியா. மண்டபமோ ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்வது. 1871இல் திறந்த நாளிலிருந்தே எதிரொலிக்குப் பேர்போனது. 1969இல் கூரையிலிருந்து காளான் போன்ற வட்டத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அந்த எதிரொலி ஓரளவு அடங்கியது. சுரங்கள் மழையாகக் கொட்டும் வாசிப்புக்கு இது உகந்த இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அன்றைய கச்சேரி படமாக்கப்பட்டு, 'மீட்டிங் ஒஃப் த ஸ்பிரிட்ஸ்' என்ற பெயரில் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு கொரியெலின் இடத்துக்கு அல் டி மியோலா வந்தார். 1980 டிசம்பர் 5ஆம் திகதி இந்த மூவரும் சான்பிரான்சிஸ்கோவில் வாசித்ததுதான் 'ஃபிரைடே நைற் இன் சான்பிரான்சிஸ்கோ' என்ற இசைத்தட்டு. கிற்றார் பழகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

இந்த மூவர் அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரசிகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு இது ஓட்டப்பந்தயம். யார் வேகம், யார் சுத்தம், எந்த இடத்தில் யார் யாரை விழுத்தினார்கள் என்று கிரிக்கெட் ஓட்டக் கணக்குப் போல எண்ணுவார்கள். மற்றக் கட்சிக்கு இது வெறும் சர்க்கஸ். பத்து சுரத்தில் சொல்லக்கூடியதை நூறு சுரத்தில் சொல்லும் வீண் ஆரவாரம். இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகும். மெக்லோக்லினின் வரலாற்றைச் சொல்லும்போது மைல்ஸ் டேவிஸோடு வாசித்தார், 1971இல் மகாவிஷ்ணு இசைக்குழுவைத் தொடங்கினார், பிறகு இந்த மூவர் அணி என்று தாண்டிப் போவார்கள். நடுவிலே 1975 முதல் 1978 வரை இருந்த 'சக்தி' குழுவை ஏதோ ஆன்மீக இடைவேளை போல ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு ஆட்சேபணை இங்கேதான். அல்பேர்ட் மண்டபத்து மேடை சக்தியின் மேடையிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம். சக்தியின் மேடையில் பாதிக்கு மேல் தமிழ் மேடையும்கூட.

மகாவிஷ்ணு காலத்து மெக்லோக்லின் இரட்டைக் கழுத்து மின்கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, காது கிழியும் ஒலியில் நின்று வாசித்தவர். அதே காலத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். இலக்கிய வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கும். சிலப்பதிகாரத்தின் இசை பற்றி அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அரங்கேற்று காதையில் குழலோனும் யாழோனும் எப்படி இணைந்து வாசிக்கவேண்டும் என்று இளங்கோ சொல்வதைத் தன் வாழ்நாளின் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவரிடம், உலகின் மிக வேகமான ரொக் கிற்றார்க்காரர் போய்ச் சரளி வரிசையிலிருந்து தொடங்குவதை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். வயலின் எல். சங்கரும் மிருதங்கம் இராம்நாட் இராகவனும் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவர்கள். தபேலாவுக்கு ஸாகிர் ஹுசைன், கடத்துக்குப் பின்னர் விக்கு விநாயக்ராம். 1975 ஜூலை 5ஆம் திகதி லோங் ஐலண்டில் சவுத்ஹம்ரன் கல்லூரியில் வாசித்தது இவர்களுடைய முதல் இசைத்தட்டாயிற்று. நான்கு இந்தியர்கள் ஓர் ஆங்கிலேயர் என்றாலும் அட்டையில் 'சக்தி, ஜோன் மெக்லோக்லினுடன்' என்றுதான் இருக்கும். வியாபாரக் காரணம் புரிகிறது. அந்த 'உடன்' என்ற சொல்லை வைத்தே மற்றவர்களைப் பக்கவாத்தியம் என்று முடிவுகட்டிவிட்ட இரசிகர்கள் ஏராளம்.

வீணை கற்றதன் பலன் மெக்லோக்லினின் விரல்களில் மட்டும் நிற்கவில்லை, வாத்தியத்தையே மாற்றியது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் மூன்று நான்கு சுரங்கள் வரை ஏறலாம். கமகத்தின் உயிர் அந்த இழுப்பில் இருக்கிறது. கிற்றாரில் மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே தட்டையான மரம். விரல் அதில் உரசித் தடைப்படும். ஏப்ரகாம் வெக்ரர் என்ற கிற்றார் செய்பவர், கிப்சன் நிறுவனத்துக்காக மெக்லோக்லினுக்குச் செய்துகொடுத்த கிற்றாரில் அந்த மரம் மெட்டுகளுக்கிடையே குழிவாகக் குடையப்பட்டது. விரலுக்குத் தந்தி மட்டுமே தட்டுப்படும், இழுப்பது சுலபம். வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, ஒலித்துளையின் மேல் சாய்வாக இன்னும் ஏழு தந்திகள். வீணையின் தாளத் தந்திகளும் தம்புராவும் செய்யும் வேலையை இவை செய்தன. ரொக் உலகில் ரிச்சி பிளாக்மோரும் குழிவான கழுத்துள்ள கிற்றார் வாசித்தவர்தான். ஆனால் கழுத்தைக் குடைந்து சுருதித் தந்தியும் சேர்த்த பிறகு, அது கிற்றார் உருவத்தில் இருக்கும் இன்னொன்று.

சக்தியின் இரண்டாவது இசைத்தட்டான 'எ ஹண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி' 1976 ஓகஸ்டில் லண்டனில், சோஹோவின் ட்ரைடன்ற் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாயிற்று. வார்டர் வீதிக்கும் டீன் வீதிக்கும் இடையில் சென்ற் ஆன்ஸ் கோர்ட் என்ற ஒடுங்கிய சந்தில் இருந்த கூடம் அது. பீற்றில்ஸின் 'ஹே ஜூட்' பதிவானதும் அங்கேதான். இப்போது அந்தச் சுவரில் டேவிட் போவிக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. சக்திக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் வந்தால் அந்தச் சந்துக்கு நான் கூட்டிப்போவது வழக்கம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று குறைப்படுவார்கள். பார்ப்பதற்கில்லை, கேட்பதற்கு. அந்தத் தட்டின் முதல் உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது. சோஹோவின் ரொக் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாயால் சொன்ன சொற்கட்டு!

அங்கே வயலின் வாசித்த சங்கரைப் பற்றி லண்டன் தமிழர்களிடையே போதுமான அளவு பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. 1950இல் சென்னையில் பிறந்தவர், ஆனால் சிறுவயது யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்துவந்தார். அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான். 1958ஆம் ஆண்டு இனக்கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. 58ஐப் பற்றி எங்கள் வீடுகளில் எத்தனையோ கதைகள் உண்டு. பாணந்துறை, கப்பல், அகதி முகாம். அந்தக் கணக்கில் ஒரு வயலின் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். சக்தியின் பல உருப்படிகள் மெக்லோக்லின், சங்கர் இருவர் பெயரிலும் பதிவானவை. அந்தக் கிற்றார் எவருடைய வில்லுக்குப் பதில் சொல்லிப் பழகியதோ அவருக்குத்தான் பின்னால் வந்த கிற்றார் உரையாடல்கள் கடன்பட்டிருக்கின்றன.

உரையாடல் என்றேன். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கன்ரீன் பக்கம் எழுந்து போகாதவர்களுக்குக் குறைப்பு என்றால் என்னவென்று தெரியும். மிருதங்கம் ஒரு நீளமான கோவையைச் சொல்ல, கடம் அதே நீளத்தில் பதில் சொல்லும். பிறகு நீளம் பாதியாகும், மறுபடி பாதியாகும், ஒரு வீச்சுக்கு ஒரு வீச்சு என்று நெருங்கி, முடிவில் இருவரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வைத்துச் சமத்தில் வந்து விழுவார்கள். ஜாஸிலும் நான்கு நான்கு அளவாக மாற்றி வாசிக்கும் வழக்கம் முன்பே உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மூவர் அணியில் கிற்றார்கள் வாக்கியத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பரிமாறி, கடைசியில் ஒரே ஓட்டமாகச் சேர்ந்து முடிப்பதைக் கேட்கும்போது என் காதில் விழுவது குறைப்புத்தான். ஓட்டப்பந்தயக் கட்சி கேட்காத விஷயமும் இதுதான். பந்தயத்தில் மற்றவனைக் கவனிக்கத் தேவையில்லை. குறைப்பில் கவனிக்காதவன் அந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்வான்.

பாகோ தெ லூசியாவுக்கு இது இன்னொரு வாசலால் வந்தது. ஃபிளமெங்கோவின் புலேரியாவில் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் சமமான இடைவெளியில் விழாது. தாளம் போட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமில்லை. அவர் மீட்டுகோல் பிடிக்காமல் நகத்தால் வாசிப்பவர், மற்றவர்கள் மீட்டுகோலால். ஜாஸ் ஸ்வரக்கூட்டுகளின் இலக்கணம் அவருக்குப் பாடமில்லை, காதாலேயே பின்தொடர்ந்தார். அல்பேர்ட் மண்டபப் படத்தில் மற்ற இருவரின் விரல்களை அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையைக் கவனியுங்கள். கொரியெல் பெரிய கலைஞர்தான். ஆனால் அவரைப் பற்றி இங்கே சொல்ல எனக்கு அதிகமில்லை.

ஜாஸ்காரரும் ரொக்காரரும் சேர்ந்து பயணம் போன கதைகளில் இன்னும் இரண்டு உண்டு. 1973இல் மெக்லோக்லினும் கார்லோஸ் சந்தானாவும் ஒரே குருவான ஸ்ரீ சின்மோயின் சீடர்களாகச் சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டுப் பயணமும் போனார்கள். அதில் பக்தி இருந்த அளவுக்கு உரையாடல் இருக்கவில்லை. மற்றது 1975. லண்டனுக்குத் தெற்கே வொலிங்ரனில் பிறந்த ஜெஃப் பெக், பீற்றில்ஸின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் தயாரித்த 'புளோ பை புளோ'வை வெளியிட்டுவிட்டு, மகாவிஷ்ணு இசைக்குழுவோடு ஒரே மேடைகளில் அமெரிக்கா சுற்றினார். அதன் விளைவு மெதுவாகத்தான் தெரிந்தது. பெக் பிறகு மீட்டுகோலையே கைவிட்டு விரலால் வாசிக்கத் தொடங்கினார். லண்டன் இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் 'நாதியா' ஸ்வாதி நடேகர் பாடியது. அதை 2001இல் பெக் தன் கிற்றாரில் எடுத்தார். கிற்றாரின் பாலத்தோடு இணைந்த அசைகம்பியை மெல்ல அழுத்தியும் தளர்த்தியும், குரலின் ஒவ்வொரு வளைவையும் கொண்டுவருகிறார். வேகம் துளியும் இல்லை. 2007 நவம்பரில் ஃபிரித் வீதியிலுள்ள ரொனி ஸ்கொட் ஜாஸ் விடுதியில் அவர் வாசித்து வெளியான பதிவில் 'நாதியா'வும் உண்டு, மகாவிஷ்ணுவின் 'எடேர்னிட்டீஸ் பிரெத்'தும் உண்டு. அந்த விடுதியிலிருந்து சென்ற் ஆன்ஸ் கோர்ட் சந்துக்கு நடந்தால் ஐந்தாறு நிமிடம். 2023 ஜனவரியில் பெக் காலமானார்.

1997இல் பிரித்தானியப் பயணம் ஒன்றுக்காகச் சக்தி 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி கூடியது. சங்கர் வரவில்லை, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் வந்தது. பின்னர் மண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். மேற்கத்திய வாத்தியத்தின் இரட்டைத் தந்திகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு கமகம் பேசவைத்தவர் அவர். மெக்லோக்லின் போன அதே ஊருக்கு அவர் வேறு பாதையால் வந்திருந்தார். 2014இல், 45 வயதில், அவர் மறைந்தது அந்தக் குழுவுக்கு மட்டுமான இழப்பல்ல. அதே ஆண்டில்தான் பாகோவும் போனார்.

2023 கோடையில் ஹமர்ஸ்மித்தில் சக்தியின் ஐம்பதாண்டுப் பயணக் கச்சேரி. சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், ஸாகிர், 81 வயது மெக்லோக்லின். முடிந்து பிக்கடில்லி ரயிலில் சவுத் ஹரோ திரும்பும்போது, கிற்றார் பைத்தியமான தம்பி ஒருவன், "அண்ணை, மனுசன் முந்தி மாதிரி வேகமா வாசிக்கேல்லை, கவனிச்சனீங்களோ?" என்று கேட்டான். கவனித்தேன். செல்வகணேஷின் கஞ்சிரா பேசி முடியும்வரை காத்திருந்து மூன்றே சுரத்தில் பதில் சொன்னதையும் கவனித்தேன். அந்த ஆண்டு வெளிவந்த 'திஸ் மொமென்ற்' தட்டுக்கு 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. 2024 டிசம்பர் 15ஆம் திகதி ஸாகிர் ஹுசைன் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் 1976இன் லண்டன் தட்டை முதலில் கேட்கட்டும், பிறகு அல்பேர்ட் மண்டபப் படம், அதன்பின் சான்பிரான்சிஸ்கோ. கடைசியதைக் காதில் மாட்டும் ஒலிபெருக்கியில்தான் கேட்கவேண்டும். இடப்பக்கம் பாகோ, நடுவில் மெக்லோக்லின், வலப்பக்கம் டி மியோலா. மெக்லோக்லினும் டி மியோலாவும் மட்டும் வாசிக்கும் சிக் கொரியாவின் உருப்படியில் 'பிங்க் பந்தர்' படத்து மெட்டு எட்டிப்பார்க்கும் இடம் ஒன்று வரும். அங்கே சபையோடு சேர்ந்து நீங்களும் சிரித்துவிடுவீர்கள்.