கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவருக்குப் பிரசங்கம் கேட்கிறதா? மைக் வருமுன்பே எழுந்த கேள்வி இது.

1739இல் ஜார்ஜ் விட்ஃபீல்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து திறந்தவெளியில் பிரசங்கித்தார். கேட்டுக்கொண்டிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அந்தக் குரல் எதுவரை கேட்கிறது என்றறிய, தெருவழியே ஆற்றை நோக்கிப் பின்வாங்கி நடந்தார். அத்தூரத்தை வைத்து, 30,000 பேருக்கு மேல் கேட்கலாம் என்று கணக்கிட்டார்.

ஒலிபெருக்கி வந்தபின் வேறொரு சிக்கல். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பீடத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அருகிலுள்ள ஒலிபெருக்கி முதலில் பேசும், முன்னிருந்து வரும் குரல் பத்தில் ஒரு விநாடி பிந்தும், சொற்கள் குழம்பும். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் 1951இல் பின்னுள்ள ஒலிபெருக்கிகளை வேண்டுமென்றே தாமதிக்கச் செய்து இதைச் சரிசெய்தார்கள். இன்றைய டிஜிட்டல் மிக்சர்களில் இது ஓர் எளிய வசதி.

ஒலிப்பணிக்கு வரும் வாலிபப் பிள்ளைகளே, மிக்சரைப் பழகப் பழகக் கற்றுக்கொள்வீர்கள். முதற்பாடம் ஃபிராங்க்ளின் செய்ததுதான்: எழுந்து கடைசி வரிசைவரை நடந்து கேளுங்கள். காலியான ஆலயத்தில் சரியாக இருந்த ஒலி, சபை நிறைந்ததும் மாறும். ஆராதனை முடிந்ததும் அங்கிருந்த பெரியவர்களிடம், “இன்று தெளிவாகக் கேட்டதா?” என்று விசாரியுங்கள். அவர்கள் பதிலே உங்கள் பணிக்கு அளவுகோல்.