எல்ம் வீதியின் காலி நாற்காலிகள்



அமெரிக்கச் சிறுநகரங்களின் பழைய ‘மெயின் ஸ்ட்ரீட்’ படங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இருபுறமும் செங்கல் கட்டடங்கள், கண்ணாடி அலங்காரமுள்ள கடைகள், நடைபாதையில் நின்று பேசும் குடும்பத்தார். அந்த வீதிகளுக்காக அங்குள்ள முதியோர் பலர் இன்றும் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் பொய்யானதல்ல. 1956இல் நாடெங்கும் நெடுஞ்சாலைகள் அமைக்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் மின்னசோட்டாவில் சவுத்டேல் என்னும் கூரையிட்ட வணிக வளாகம் திறக்கப்பட்டது. வாடிக்கையாளர் காரேறிப் புறநகருக்குப் போக, நகர நடுவிலிருந்த கடைகள் ஒவ்வொன்றாய் அடைபட்டன.

ஆயினும், அப்படங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நோக்கினீர்களா? வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், தெற்கு எல்ம் வீதியில் வூல்வொர்த் கடை இருந்தது. கறுப்பினத்தவர் அங்கே பற்பசை வாங்கலாம், குறிப்பேடு வாங்கலாம். அவர்கள் பணத்தைக் கடை மறுக்கவில்லை. சிற்றுண்டிக் கவுண்டரின் நாற்காலியில் மட்டும் அமரலாகாது. அந்தக் கவுண்டருக்கு வேண்டிய உணவைச் சமைத்தவர்களிலும் கறுப்பினத்தார் இருந்தனர் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் கசப்பானது.

1960 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. எசெல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்னும் நான்கு கல்லூரி மாணவர்கள் சில பொருள்களை வாங்கி, ரசீதையும் பெற்றுக்கொண்டு, அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். காப்பி கேட்டார்கள். காப்பிதான்; வேறொன்றுமில்லை. கொடுக்கப்படவில்லை. கடை அடைக்கும்வரை அவர்கள் எழுந்திருக்கவுமில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில நாள்களில் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். பிற நகரங்களின் கடைவீதிகளுக்கும் அது பரவியது.

அவர்கள் அந்த வீதியைப் பகைத்தவர்கள் என்று எண்ணாதிருங்கள். பகைத்த இடத்தில் உட்காரும்படி யார் இத்தனை நாள் காத்திருப்பார்?

அவ்வாண்டு ஜூலை 25இல் கடை இணங்கியது. முதலாவது பரிமாறப்பட்டவர்கள் அக்கடையிலேயே வேலை செய்த கறுப்பினத்தார். அன்றுவரை பிறருக்காக உழைத்த இடத்தில் அவர்கள் அன்று விருந்தினராக அமர்ந்தார்கள். ஆனால் வாசல் திறந்த காலமும் வீதி வெறுமையாகத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. நெடுங்காலம் நின்றுகொண்டே வாங்கினவர்களுக்கு உட்கார்ந்து மகிழக் கிடைத்த ஆண்டுகள் சிலவே. அவர்களுடைய ஏக்கத்தை எந்தப் பழைய படம் காட்டும்?

வூல்வொர்த் 1993இல் மூடப்பட்டது. 2010 பிப்ரவரி 1 அன்று அதே கட்டடம் குடிசார் உரிமைகள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கவுண்டரின் ஒரு பகுதி, நான்கு நாற்காலிகளோடு, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.