ஒரே தாழிக்குள் பலர்



காணிப் பேச்சு வந்தாலே "யார் முதலில் வந்தது?" என்று தர்க்கிக்கிறோம். அதற்கு முன் பொம்பரிப்பை ஒருதரம் நினைப்போம்.

செட்டிகுளத்துக்குத் தென்மேற்கே, வில்பத்துக் காட்டுக்குள், கலா ஓயாவை அண்டிய இடம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்புக்கால மக்கள், இறந்தவர்களின் எலும்புகளைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்தார்கள். 1970 இல் அகழ்ந்தபோது ஒரே தாழிக்குள் பலருடைய எலும்புகள் கிடைத்தன. அங்குள்ளவை போன்ற கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் உண்டு.

என்ன மொழி, என்ன மார்க்கம் என்று அந்த எலும்புகள் சொல்வதில்லை. அவற்றைக் காட்டி எவரையும் வந்தான் வரத்தான் என்று சொல்லவும் முடியாது.

வயல் வெட்டும்போது தடித்த தாழி ஓடுகளோ வட்டமாக அடுக்கிய கற்களோ தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். கிராம சேவையாளருக்கு அறிவியுங்கள். உடைந்து போனால் நட்டம் நம் எல்லோருக்கும்தான்.