அரை இஞ்ச் குழாயும் அணாக் கணக்கும்



போன மாதம் எங்கள் சமையலறைக் குழாய் லைனில் வாட்டர் ஃபில்டருக்கான இணைப்பு ஒன்றை மாட்டினேன். ஆன்லைனில் வாங்கியது. ‘அரை இஞ்ச்’ என்றுதான் போட்டிருந்தது. இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறியது, பிறகு இறுகிவிட்டது. டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றியும் கசிவு நிற்கவில்லை. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்த பிறகு வந்த பிளம்பர், “சார், இது அமெரிக்க மரை” என்றார்.

மரைக்குக்கூட நாடு உண்டா என்று நீங்களும் கேட்பீர்கள். உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை வேறு மரை. ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, 1841-இல் ஒரே அளவை முன்வைத்தார். மரைப் பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. பிரிட்டிஷ் குழாய் மரையான பிஎஸ்பி அதன் வழி வந்தது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரி என்றார். அங்குள்ள குழாய் மரையான என்பிடிக்கும் அதே கோணம்தான். அரை இஞ்ச் அளவில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை. ஏமாறுவது இங்கேதான்: எண்ணிக்கை ஒன்று, கோணம் வேறு, பருமனும் சற்று வேறு.

சரி, நாம்தான் மெட்ரிக்குக்கு மாறிவிட்டோமே? 1957 ஏப்ரல் 1-இல் 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆனது. ஒரு அணா ஆறேகால் பைசா. கால் பைசாவை யார் தருவது? ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். மூன்று அணாவுக்கு 19. நான் வங்கியில் சேர்ந்தபோது மூத்தவர்கள் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1958 அக்டோபரிலிருந்து சேர், வீசை போய் கிலோ வந்தது. காசையும் எடையையும் இப்படிச் சரிக்கட்டலாம். மரையைச் சரிக்கட்டினால் தண்ணீர் ஒழுகும். சுவருக்குள் ஏற்கெனவே புதைந்திருக்கும் குழாயோடு புதுக் குழாய் சேர வேண்டுமே! அதனால் இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 554 பிரிட்டிஷ் மரையை அப்படியே வைத்துக்கொண்டது. பெயர் மட்டும் மாறியது.

உங்கள் வீட்டு டேப்பையே பாருங்கள். பெட்டியில் 15 மி.மீ., கடைக்காரர் வாயில் அரை இஞ்ச், மரையின் வெளிப்புறத்தை அளந்தால் ஏறக்குறைய 21 மி.மீ. அரை இஞ்ச் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்துளை அளவு, அவ்வளவுதான்.

ஓசூர்ப் பக்கம் கதை வேறு. அங்கே பெரிய ஆலைகள் வந்ததே 1970-களுக்குப் பிறகு. சுசுகி கூட்டில் அங்கே தயாரான பைக்குகளைக் கழற்ற 10, 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்தான். பகலெல்லாம் மெட்ரிக்கில் வேலை பார்ப்பவரும் வீடு திரும்பி விக்டோரியா ராணி காலத்து மரையைத் திறந்துதான் முகம் கழுவுகிறார்.

ஃபில்டர், ஷவர், பிரஷர் பம்ப் எது வாங்கினாலும் பிஎஸ்பியா, என்பிடியா என்று பார்த்து வாங்குங்கள். கையால் நாலு சுற்று ஏறாவிட்டால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கீழ் வீட்டுக் கூரைக்கு நான் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன்.